கிழக்கே ஒரு வீடு

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று வந்தால் அது கடலைப் பற்றித்தான் வரும். மற்ற வீடுகளில் குடியால் வரும், மாமியாரால் வரும். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் குடிப்பதில்லை, மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஆளுக்கொரு கடல். அவன் நாட்டின் கிழக்குக் கரையில் பிறந்தவன், அவள் மேற்குக் கரைக்காரி.

"எங்க ஊர்க் கடல் விடிஞ்சதும் மூஞ்சியில வெயிலடிச்சு எழுப்பும். போடா வேலைக்குன்னு விரட்டும். உங்க ஊர்க் கடல் சாயங்காலம் சூரியனை முழுங்கிட்டு, போதும், போய்ப் படுங்கன்னு சொல்லுது. அப்புறம் எப்படி உங்க ஆளுங்க உருப்படுவானுங்க?" என்பான் அவன்.

"உருப்பட்ட ஊரை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்களாம்? கப்பல் பூரா எங்க பக்கம் திரும்பிடுச்சுன்னுதானே?"

"வேலைக்கு வந்தேன். உன்கிட்ட மாட்டிக்கிட்டேன்."

ஐஸ் பாக்டரியில் எல்லாரும் அவனைக் கிழக்கான் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தவிர அவன் பேர் எங்கும் புழங்கவில்லை. அவன் பதிலுக்கு அவளை மேற்கத்தி என்றான். அந்தப் பேர் மெல்ல அக்கம்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது.

பாக்டரிக்குப் பின்னால் மேட்டில் ஏறும் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. கம்பெனி வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கக் கல். அந்த ஊரில் எங்கே போனாலும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். சமமாக நடக்க இடமில்லை. மழை பிடித்தால் மாசக்கணக்கில் விடாது. பள்ளிக்கூடச் சட்டையை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பாள். மகள் புகை வாசனையோடு பள்ளிக்கூடம் போவாள். சுவரில் பச்சையாகப் பூஞ்சை படர, கிழக்கான் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே தன் ஊரைப் பற்றிப் பேசுவான். அங்கே ரோடெல்லாம் பலகை மாதிரி. சைக்கிளை ஒரு மிதி மிதித்தால் கடற்கரைவரை தானாகப் போகும். துவைத்துப் போட்ட துணி, பிழிந்த கை காய்வதற்குள் காய்ந்துவிடும். எதிர்வீட்டுக்காரன் நடுத்தெருவில் நின்று கத்தித்தான் பேசுவான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான். "இங்க எல்லாம் மெதுவாப் பேசுறீங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சாத்தான் திட்டினீங்கன்னே தெரியுது."

"புயல் வந்தா கூரையெல்லாம் சைக்கிள் இல்லாமலே கடற்கரைக்குப் போயிடுமாமே உங்க ஊர்ல" என்பாள் அவள்.

கடற்கரையிலிருந்து மூன்றாவது வரிசையில் அவன் அப்பா கட்டிய வீடு இருந்தது. அண்ணன் அதில் குடியிருந்தான். பாப்பா பெரியவளானதும் அங்கே போய்விடுவது என்பது கிழக்கானின் திட்டம். மேற்கத்தி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், லீவு கிடைக்காது. கிடைக்கும்போலிருந்த வருஷங்களில் அண்ணன் போனில் "இப்ப வேணாண்டா, வெயில் தாங்காது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பான்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், கிழக்கான் வேலை பார்த்த கம்ப்ரஸர் அறையில் ஒரு வால்வு பிய்ந்துகொண்டது. அதை மாற்றச் சொல்லி அவன் பல தடவை சொல்லியிருந்தான். ஐஸ் உறையவைக்கிற அமோனியா அவன் முகத்தில் நேராக அடித்தது. மேற்கத்தி அப்போது பக்கத்துக் கட்டடத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தொண்டையை அறுக்கிற நெடி வந்ததும் எல்லாப் பெண்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். இறாலை எடை போடுகிற தராசுக்காரி மட்டும் இவளைப் பிடித்து உலுக்கி, "அங்க இல்லடி, இந்தப் பக்கம் ஓடு, உன் வீட்டுக்காரரைத் தொட்டிகிட்ட போட்டிருக்காங்க" என்றாள். போனபோது நாலு பேர் அவனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, ஒருவன் அவன் இமைகளைத் திறந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கிழக்கான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தாதே, ஊத்து, ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊற்றியது போதவில்லை. ஆஸ்பத்திரியில் கண்கட்டை அவிழ்த்தபோது கண்கள் இரண்டும் வெந்த மீன் கண்போல வெளுத்திருந்தன. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் திரும்பி வந்து கட்டிலருகே நின்றபோது, "தெரியும், சொல்லாதே" என்றான்.

கம்பெனி மேனேஜர் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவன் வேலைக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தரலாம் என்றார். மெஷின் அறை இல்லை, ஐஸ் பார் என்கிற பனிக்கட்டிப் பாளங்களை லாரியில் ஏற்றும் மேடையில். நிரந்தர வேலை. அப்படி யாரும் சேராவிட்டால் வருத்தத்தோடு வீட்டைக் கேட்க வேண்டியிருக்கும். "ஆம்பளை வேலைம்மா அது. உங்க பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க."

மேற்கத்திக்கு உரிக்கிற வேலையில் தினக்கூலிதான். அதில் வீடு கிடையாது. அவள் பக்கம் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அன்றே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள், நானே போகிறேன் என்று. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்துக் கிடந்த மனிதனிடம், உன் வேலையை எனக்குக் கொடு என்று எப்படிக் கேட்பது?

அப்படி இருந்த ஒரு மத்தியானத்தில்தான் அண்ணன் வந்து சேர்ந்தான். உரிக்கும் வேலை முடிந்து படியேறி வந்தவள், கதவருகே ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு நனைந்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தாள். புருஷனின் நெற்றி, புருஷனின் மூக்கு. அவற்றையெல்லாம் வெயிலில் போட்டுக் காயவைத்தது போல ஒரு முகம்.

"கதவு சாத்தியிருந்துச்சும்மா. தட்டினா பயந்துக்குவானோன்னு இருந்தேன்" என்றான்.

"உள்ள வாங்க மாமா. எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"மழை இப்படியா பெய்யும்? நான் பைப்பு உடைஞ்சிடுச்சோன்னு மேல பாத்தேன்."

குரல் கேட்டதும் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கிழக்கான் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் தானாக எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அந்தக் கண்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்து, தம்பியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதான். சத்தமாக, தெருவே கேட்கும்படி அழுதான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஊர் என்று புருஷன் சொன்னது இதைத்தான்போல என்று மேற்கத்தி நினைத்தாள். அடுத்த நொடியே இன்னொன்றும் தோன்றியது. இந்த மனிதன் தம்பியைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறான்.

வந்த நாள் முதல் அண்ணன் சும்மா இருக்கவில்லை. அடைத்திருந்த சாக்கடையைக் குத்தி விட்டான். பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டான். பெரியப்பா பின்னல் கயிறு முறுக்கின மாதிரி இருந்தது என்று அவள் அழுதாலும் அவிழ்க்க விடவில்லை. சாயங்காலம் ஆனால் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வான். கிழக்கான் கேட்பான், அவன் சொல்வான்.

"மீன் ஏலக் கொட்டகை இருக்கா?"

"இருக்குடா. தகரம் மட்டும் புதுசா போட்டிருக்கான்."

"நம்ம வீட்டுச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சியா?"

"போன வருஷம் அடிச்சேன். வெள்ளையடிச்சா வெயில்ல கண்ணு கூசுது, பாக்கவே..." என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். தம்பி சிரித்துவிட்டு, "சொல்லு, சொல்லு, எனக்குக் கூசாது" என்பான்.

பேசப் பேசக் கிழக்கானின் முகத்தில் ரத்தம் வந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான். சமையலறையில் இருந்தபடி மேற்கத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு மறுபடி ஒரு மனிதன் கிடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் மேலும் மேலும் கிழக்கே போய்க்கொண்டிருந்தான்.

ஒரு நாள் பகலில் கிழக்கான் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் அவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். அவளே கேட்டுவிட்டாள்.

"எப்ப கூட்டிட்டுப் போறதா இருக்கீங்க மாமா?"

"யாரை?"

"அவரை. அங்கேயே வந்துடலாம்னு அவருக்கு ஆசை. எனக்குத் தெரியும். பாப்பா படிப்பு இங்க இருக்கு. என்னால திடீர்னு..."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயமோ, வேறோ. "எங்கேம்மா கூட்டிட்டுப் போறது? வீடு இல்லை" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"கடல் எடுத்துக்கிச்சு. தெக்கால கடலுக்குள்ள நீளமா ஒரு சுவர் கட்டினாங்க, பெரிய துறைமுகம் வரப்போகுதுன்னு. துறைமுகம் வரலை, அதான் உங்க பக்கம் வந்துடுச்சே. சுவர் மட்டும் நின்னுச்சு. அதுல இருந்து நம்ம கரையில மணல் நிக்கலை. மொத வரிசை போச்சு. ரெண்டாவது வரிசை போச்சு. பாப்பா பள்ளிக்கூடம் சேந்த வருஷம் நம்மது. ஏலக் கொட்டகையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் இப்ப ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால ரூம்ல இருக்கேன். கார் நிறுத்துற இடத்துல விசில் ஊதிக்கிட்டு நிக்கிறேன். அதுவும் போன மாசம் வரைக்கும். என் சம்சாரம் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"தினமும் அவருகிட்ட அப்படிச் சொல்றீங்களே!"

"போன்ல ஒரு தடவை சொல்லாம விட்டேன். அடுத்த தடவை சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் சொல்ல முடியலை. இப்ப இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அவன் கேக்குறான். எப்படிம்மா சொல்லுவேன்?"

அவன் இன்னொரு வெங்காயத்தை எடுத்தான், உரிக்கவில்லை, கையில் உருட்டினான்.

"நான் மறைக்கலை, கேட்டுடுறேன். இங்க பாக்டரி யூனியன்காரர் போன்ல சொன்னாரு, குடும்பத்துல ஒருத்தருக்கு வேலை உண்டுன்னு. எனக்கு மூட்டை தூக்கின உடம்பு. அந்த வேலை எனக்குக் கிடைச்சா நான் உங்களையெல்லாம் வெச்சுக் காப்பாத்துவேன்."

எங்க வீட்டில் எங்களையே வைத்துக் காப்பாற்றுவார்! மேற்கத்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறுதல் சொல்ல வந்தவன் என்று சோறு போட்டாள். கூட்டிப் போக வந்தவன் என்று பயந்தாள். இரண்டுமில்லை, வேலை கேட்க வந்தவன். வீட்டு வாடகைச் சீட்டில் இந்த ஆள் பேர் ஏறும். நாளைக்கு இவன் பெண்டாட்டி வருவாள். பிறந்த ஊரிலேயே நான் ஒண்டுக்குடித்தனக்காரி ஆவேன்.

"அந்த வேலையை நான் கேக்கப் போறேன் மாமா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஐஸ் பாரும்மா அது. கொக்கி போட்டு இழுக்கணும்."

"தெரியும். நான் இந்த ஊர்க்காரி."

"அவன்கிட்ட மட்டும் வீட்டு விஷயம் சொல்லிடாதே" என்று எழுந்து போகும்போது அண்ணன் கேட்டுக்கொண்டான். அவள் தலையாட்டினாள். சாயங்காலம் மறுபடி சுண்ணாம்புச் சுவரும் சைக்கிளும் வந்தன. தெரிந்த பிறகு அவற்றைக் கேட்பது அவளுக்குச் செத்தவரின் சட்டையை மடித்து வைப்பது போல இருந்தது.

யாரைச் சேர்ப்பது என்று நேரில் வந்து சொல்லும்படி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மூன்று பேருமாகப் படியிறங்கினார்கள். அண்ணன் ஒரு கை, அவள் ஒரு கை. உள்ளே யாரோ வந்திருக்கிறார்கள், கூப்பிடும்வரை இருங்கள் என்று வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கிழக்கான் நடுவில் உட்கார்ந்தான். மழை தகரத்தில் கொட்டியது. எதிரே மேடையில் ஐஸ் பார்கள் சறுக்கிக்கொண்டு வந்து லாரியில் மோதும் சத்தம். அவன் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கொக்கியைத் தோள்ல இருந்து இழுக்கணும். முதுகால இழுத்தா ஒரு வாரத்துல படுத்துடுவாங்க" என்றான். பிறகு, "அண்ணன் பழைய துறைமுகத்துல எவ்வளவு மூட்டை தூக்கியிருக்கான் தெரியுமா? ஒருத்தனும் கிட்ட நிக்க முடியாது" என்றான்.

"அதெல்லாம் அப்போ" என்றான் அண்ணன்.

"உடம்பு மறக்காதுண்ணே."

அவ்வளவுதான். மேற்கத்திக்குப் புரிந்துவிட்டது. சொல்லப் போகிறார், அண்ணன் பேரைத்தான் சொல்லப் போகிறார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, இனி கூப்பிட்டுவிடுவார்கள்.

"அவரு உங்களைப் பாக்க வரலை" என்றாள்.

"என்ன?"

"உங்க அண்ணன். உங்களைப் பாக்க வரலை, வேலையைப் பாக்க வந்திருக்காரு. அங்க வீடும் இல்லை, தெருவும் இல்லை. எல்லாத்தையும் கடல் கொண்டுபோயிடுச்சு. வருஷக்கணக்கா ஆச்சு. ராத்திரி பகலா உங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்காரு."

அண்ணன், "ஏம்மா..." என்றான்.

கிழக்கான் அண்ணன் இருந்த பக்கம் திரும்பினான். அந்த வெள்ளைக் கண்கள் அண்ணன் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில், தூணைப் பார்த்தன.

"அப்படியாண்ணே?"

"ஆமாண்டா."

"சுண்ணாம்பு அடிச்சேன்னியே."

அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கண்ணு போனவனுக்கு எந்த ஊரு இருந்தா என்னன்னு நெனச்சிட்ட, இல்ல?"

"அப்படி இல்லைடா, நான்..."

கதவைத் திறந்துகொண்டு பியூன் வந்து கூப்பிட்டான். கிழக்கான் எழுந்தான். அண்ணன் நீட்டிய கையை, அது நீட்டப்பட்டது தெரிந்தது போலவே, விலக்கிவிட்டு மேற்கத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்று, "என் சம்சாரத்துக்குக் குடுங்க சார்" என்றான். மேனேஜர் இழுத்தார், மேடையில் இதுவரைக்கும் பொம்பளை யாரும் நின்றதில்லை என்றார். "அவளால முடியும். முடியலைன்னா அப்ப பேசுங்க. அந்த வால்வைப் பத்தி நான் இன்னும் யார்கிட்டயும் பேசலை சார்" என்றான் கிழக்கான், குரலை உயர்த்தாமல். மேற்குக் கரைக்காரன் பேசுகிற மாதிரியே பேசினான். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சரி என்றார்.

வெளியே பெஞ்ச் காலியாக இருந்தது.

திரும்பிப் படியேறும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவன் ஒவ்வொரு படியையும் காலால் தேடி ஏறினான். அவளுக்கு வேலை கிடைத்தது, வீடு நின்றது. மனசில் சந்தோஷம் என்று ஒன்றைத் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. பாதி வழியில் அவன் நின்றான்.

"உன் பேரைச் சொல்றதுன்னு முன்னமே முடிவு பண்ணிட்டேன். மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போன அன்னிக்கே. நீ கேக்கலை, நானும் சொல்லலை" என்றான்.

"பெஞ்சுல அண்ணனைப் பத்திப் பெருமையாப் பேசினீங்களே?"

"அவன் வேலைக்காக வந்தது எனக்குத் தெரியும். இல்லைன்னு சொல்லப்போறோமேன்னு பேசினேன். வேலை தர முடியாது, பேச்சாவது தரலாமேன்னு."

அவள் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். ஒண்ணும் கெட்டுப்போயிருக்காது. எனக்கு ஒரு வீடு இருந்திருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

அண்ணன் அவர்கள் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு. ஸ்டேஷன்வரை போய்விட்டுத் திரும்பியிருந்தான். எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்டபோது சொல்லத் தெரியவில்லை என்று பின்னால் ஒரு நாள் அவளிடம் சொன்னான். அவன் இருமியதும் கிழக்கான் காலைப் பின்னுக்கு வாங்கினான். யாரென்று கேட்கவில்லை. கதவுச் சட்டத்தைத் தடவி உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

மேற்கத்தி வாசலில் நின்றாள். போங்கள் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. இப்போது வீடு அவள் பேரில்.

"திங்கக்கிழமையில இருந்து நான் மேடைக்குப் போகணும். இவரைக் கண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, சோறு வடிக்க, பாப்பாவை விட்டுட்டு வர ஆள் வேணும். இருக்கிறதா இருந்தா உள்ள வாங்க" என்றாள்.

அவன் இருந்தான்.

மேடையில் அவளை முதல் சில நாட்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பாரில் கொக்கியை மாட்டித் தோளால் இழுக்க, குளிர் உள்ளங்கையில் ஏறி முழங்கைவரை மரத்தது. ராத்திரி விரல்களை மடக்க முடியாது. பாப்பா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஒரு லாரிக்காரன், "கிழக்கான் பொண்டாட்டியே, ஜாக்கிரதை, சறுக்கும்" என்றான். "உன் வாயைவிடவா?" என்றாள். அதன் பிறகு வேடிக்கை குறைந்தது.

மத்தியானச் சோற்றை அண்ணன் கொண்டு வருவான். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் தம்பி. இரண்டு பேரும் ஒரே மாதிரி தோளைச் சாய்த்துக்கொண்டு சரிவில் இறங்கி வருவது மேடையிலிருந்து தெரியும். கிழக்கான் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வான். பள்ளம் என்றால் தாண்டுவான், படி என்றால் இறங்குவான். ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டான். வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமென்றால் பாப்பாவிடம் கேட்பான். அண்ணன் சாயங்காலங்களில் கட்டிலுக்குக் கீழே பழையபடி வந்து உட்கார்ந்து பார்த்தான். ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் இப்படியே போயிற்று.

மழை நின்று வெயில் வந்த நாட்களில் ஒன்று. லாரி வரத் தாமதமாகும் என்று மேடை காலியாக இருந்தது. அவள் சாப்பிட்டுக் கை கழுவினாள். சகோதரர்கள் இரண்டு பேரும் மேடைக்குக் கீழே கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே படகுத்துறையின் தடுப்புக்கல்லில் அலை வந்து அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் பலமாகத்தான் அடித்தது. கிழக்கான் தலையைச் சாய்த்துக் கேட்டபடி இருந்தான்.

"அண்ணே" என்றான்.

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"எது மொதல்ல போச்சு?"

அண்ணனுக்குப் புரிந்தது. உதட்டை நனைத்துக்கொண்டான். மேலே நின்ற மேற்கத்தியை ஒரு தரம் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

"கிணத்தடி" என்றான். "துவைக்கிற கல்லோட சேந்து போச்சு. அதுக்கப்புறம் பத்துப் பதினைஞ்சு நாள் சும்மா இருந்துச்சு, நின்னுடும்னு நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் சமையக்கட்டு. அடுப்பு அணைஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்துச்சு. சுவர் உள்பக்கமா விழலைடா, வெளிய விழுந்துச்சு, கடலைப் பாத்து. நாங்க முன்வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

"அப்பா அறை?"

"அதுதான் ரொம்ப நாள் நின்னுச்சு."

கிழக்கான் தலையை ஆட்டினான். "மெதுவாச் சொல்லு" என்றான். "ஒண்ணையும் விட்டுடாதே."

மேற்கத்தி கொக்கியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை.